ஒன்பதாம் பிரிவில் நான் வைத்த நான்காம் படி

மதிப்புக்கும் பயத்துக்கும் சம அளவில் உரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பி பெற்ற ஒரே மகளும், நீங்கள் வைத்த 'வாலு' என்ற பெயரைக் காப்பாற்றுவதற்காகப் பதினாறு வருடமாக ஓயாமல் உழைத்து வருபவளுமாகிய நான் பணிவோடு எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் இந்த வாரம்தான் இனிமேல் பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன், அதனால் ஆவல் மட்டும் இருக்கிறது என்று எழுதுகிறேன். நலம் தீர்ந்துபோய் மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. மாமாவின் முழங்காலையும் உங்கள் கடைவாய்ப் பல்லையும் தனித்தனியாக விசாரித்ததாகச் சொல்லவும்.

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். உங்கள் போனை மாமா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச விடுவார். நான் 'ஹலோ' என்றால் மாமாதான் 'சொல்லும்மா' என்பார். நான் சொல்லப்போவது மாமா காதில் விழுந்தால் அடுத்த நிமிடமே அப்பா காதில் விழும், அதற்கடுத்த நிமிடம் என் காதில் விழப்போவது அப்பாவின் கை. ஆகவே இந்தக் கடிதத்தைக் குளியலறையிலோ, மாமா தலைவைத்துப் படுக்காத வேறு இடத்திலோ படிக்கவும்.

எல்லாம் நீங்கள் தபாலில் அனுப்பிய அந்தச் செய்தித்தாள் துண்டில்தான் தொடங்கியது. உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை அத்தை, பங்கு கொடுக்கிறேன். 'எப்போதாவது தொழில் நிமித்தம் பயணம் போகிறவர்களுக்கும், சட்டமன்ற நடவடிக்கைகளைப் பின்தொடர்கிறவர்களுக்கும் பயனுள்ள இணையதளங்கள்' என்று அதற்குத் தலைப்பு. இந்த இரண்டு கூட்டத்திலும் ஒரே நேரத்தில் நிற்கிற மனிதர் உலகத்தில் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். அந்தப் பத்தியை எழுதியவர் எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே எழுதினாரோ என்னவோ. ஏனென்றால் அதே வாரம்தான் சட்டமன்றத்தில் ஏணிப் பாதுகாப்பு மசோதா வந்தது. உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் என் குற்றத்தின் நீளம் சரியாகத் தெரியும். அந்த மசோதாவின் ஒன்பதாம் பிரிவில் மூன்றாவது உட்பிரிவு என்ன சொல்கிறதென்றால், எட்டுப் படிக்கு மேல் உள்ள எந்த ஏணியும் அரசு சோதனைக்கூடத்தின் முத்திரை இல்லாமல் விற்கப்படக் கூடாது. சோதனைக்கூடம் நாட்டுக்கே ஒன்றுதான். அங்கே வரிசையில் நின்றால் முறை வருவதற்குப் பதினான்கு மாதம் ஆகும். அப்பாவின் பட்டறையில் செய்வது எல்லாமே பத்துப் படி, பன்னிரண்டு படி. அதாவது பதினான்கு மாதம் பட்டறைக்குப் பூட்டு, ஃபோர்மேன் அண்ணனையும் சேர்த்துப் பதினொரு பேர் வீட்டில். சங்கத்தில் இருக்கிற ஏழு ஏணிக்காரர்களும் கூடிப் பேசி, மசோதாவை ஆராய்கிற சட்டமன்றக் குழுவின் முன்னால் யாராவது ஒருவர் போய் நேரில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்து, எழுவரில் கோட் வைத்திருப்பவர் அப்பா மட்டும்தான் என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். குழு கொடுத்த நேரம் மூன்று நிமிடம்.

அப்பாவின் வேலை முறை உங்களுக்குத் தெரியும். அவர் இணையதளத்தைப் பார்க்க மாட்டார், பிரிண்ட் எடுத்துத்தான் பார்ப்பார். "ஸ்க்ரீன்ல இருக்கறது இன்னிக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு ஒண்ணு சொல்லும். பேப்பர் சொன்ன சொல்லு மாறாது" என்பார். மாறுவதற்காகத்தானே அப்பா இணையதளம் என்று கேட்டால், "அப்படி மாறுற ஆளு கூட நான் பழகறதில்ல" என்பார். நீங்கள் அனுப்பிய துண்டில் இருந்த எட்டு இணையதளங்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் பட்டறை ஆபீஸில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பிரிண்ட் எடுத்தேன். விமானத்தில் எந்த இருக்கை நல்ல இருக்கை என்று சொல்லும் தளம், போகிற ஊரில் மழையா வெயிலா என்று சொல்லும் தளம், பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று பட்டியல் போடும் தளம், விடுதிகளைப் பற்றித் தங்கியவர்கள் திட்டும் தளம், எல்லாம் நீல ஃபைலில். மசோதா எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்த அறையில் விசாரணை, எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று காட்டும் தளங்கள் சிவப்பு ஃபைலில். அதற்குப் பிறகு அம்மா, "ஃப்ளைட் எத்தன மணிக்குங்க?" என்று கேட்டால் அப்பா, "இரு, வெப்சைட்டப் பாத்துச் சொல்றேன்" என்று நீல ஃபைலைத் திறப்பார். நேற்று பார்த்த இணையதளத்தையே இன்றும் பார்ப்பார், அது நேற்று சொன்னதையே இன்றும் சொல்லும், அவருக்குத் திருப்தியாக இருக்கும்.

இருநூறு பக்கத்துக்கு மேல் பிரிண்ட் எடுத்தால் மனிதருக்குப் புத்தி எங்கெங்கோ போகும். எனக்கு வேறெங்கும் போகாமல் நேராகக் குறும்புக்குப் போனது. அப்பா ஒன்பதாம் பிரிவு இருக்கும் பன்னிரண்டாம் பக்கத்தை நல்ல வெள்ளைத் தாளில் இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார். நான் அந்தப் பக்கத்தை அப்படியே நகல் எடுத்து, அதே எழுத்து, அதே ஓரம், அதே பக்க எண் போட்டு, மூன்றாவது உட்பிரிவுக்குக் கீழே என் சொந்தச் செலவில் நான்காவது உட்பிரிவு ஒன்றைச் சேர்த்தேன். 'ஏணி தயாரிக்கும் ஒவ்வொருவரும், ஆண்டுக்கு ஒரு முறை, தாம் தயாரித்தவற்றுள் மிக உயரமான ஏணியின் உச்சிப் படியில், ஆய்வாளர் முன்னிலையில், எதையும் பற்றிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். அவ்வாறு நின்றபடியே சான்றிதழில் கையொப்பமிடவும் வேண்டும்.' படித்தவுடன் அப்பா "ஏய் வாலு" என்று ரூலர் தடியை எடுத்துக்கொண்டு துரத்துவார், நான் பட்டறை லாரிக்குப் பின்னால் ஓடுவேன், அதோடு முடியும் என்று நினைத்தேன். அதற்கு வசதியாகப் பக்கத்தின் அடியில், 'இதைப் படித்துச் சிரிக்காதவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பொடி எழுத்தில் ஒரு வரியும் போட்டிருந்தேன். அந்த வரிக்கு வரும்போதுதான் பிரிண்டரில் மை தீர்ந்தது.

அப்பாவைப் பற்றி உலகத்தில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது வயதில் தண்ணீர்த் தொட்டி ஏணியில் பாதி ஏறி, மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவரை நீங்கள்தானே ஏறிப்போய் முதுகில் சுமந்து இறக்கினீர்கள். முப்பது வருடமாக ஏணி செய்கிறார், மூன்றாவது படிக்கு மேல் கால் வைத்ததில்லை. அவர் செய்வதும் படி, எனக்குச் சொல்வதும் 'படி'. முதலாவதில் அவர் ஏற மாட்டார், இரண்டாவது எனக்கு ஏறாது. இதை வைத்து எத்தனையோ தடவை அவரைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன், அவரும் சிரித்திருக்கிறார். ஆனால் அன்று அவர் சிரிக்கவில்லை அத்தை. பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார், பிறகு சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, "அவ்வளவு தூரம் வந்துட்டாங்களா" என்று மட்டும் சொன்னார். காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். பள்ளிக்கு நேரமாகிவிட்டது, சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சங்கத்தின் மற்ற ஆறு பேரும் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு பேர் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள், என் உட்பிரிவு அவர்களைச் சேர்த்து வைத்திருந்தது. ஒருவருக்கு முதுகுவலியாம், ஒருவருக்குத் தலைசுற்றலாம், ஒருவர், "எனக்கெல்லாம் பயம் இல்லப்பா, வீட்ல விடமாட்டாங்க" என்றார். அப்பா என்னைப் பார்த்து, "வாலு, இந்தப் பக்கத்துக்கு ஆறு காப்பி எடு" என்றார். எடுத்தேன். என் கையாலேயே எடுத்தேன். சாப்பிடும்போது மெதுவாக, "ஒருவேள அந்த நாலாவது தப்பா விழுந்திருக்குமோப்பா?" என்று ஆரம்பித்தேன். அப்பா தட்டைப் பார்த்தபடியே, "அத எழுதின ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்றார். எழுதிய ஆள் அவருக்கு எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் மகா புத்திசாலித்தனம் ஒன்று செய்தேன். வாயால் சொல்லாமல் காகிதத்தால் சொல்லலாம், அவர் நம்புவது அதைத்தானே என்று, உண்மையான பன்னிரண்டாம் பக்கத்தைப் புதிதாகப் பிரிண்ட் எடுத்துச் சிவப்பு ஃபைலில் செருகினேன். என்னுடையதை உருவுவதற்குள் ஃபோர்மேன் அண்ணன் உள்ளே வந்துவிட்டார். மறுநாள் அப்பா ஃபைலைத் திறந்தால் இரண்டு பன்னிரண்டாம் பக்கம், ஒன்றில் நான்காவது உட்பிரிவு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் என் வால் நுனிவரை நடுங்கியது.

"பாத்தியா வாலு. வெப்சைட்ல இருந்து தூக்கிட்டாங்க."

"அப்படின்னா நல்லதுதானேப்பா? இல்லாமப் போச்சுன்னு அர்த்தம்."

"அசடு. இல்லாமப் போகல, ஒளிச்சு வெச்சிருக்காங்க. யாருக்கும் தெரியாம கொண்டுவரப் பாக்கறாங்க. நல்லவேளை நாம முன்னாடியே பிரிண்ட் எடுத்து வெச்சோம்."

அன்றைக்கு அப்பா மூன்றாவது உட்பிரிவைப் பற்றி எழுதி வைத்திருந்த பேச்சைக் கிழித்துப் போட்டார். மூன்று நிமிடம் முழுவதும் நான்காவது உட்பிரிவுக்கு என்று முடிவாகிவிட்டது.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீளமாகச் சொன்னால் அழுதுவிடுவேன். இருக்கைத் தளம் பார்த்து ஜன்னலிலிருந்து தள்ளி, நடைபாதை ஓரமாக ஓர் இருக்கையைப் பிடித்து வைத்திருந்தார். மூன்று வாரத்தில் விமானத்தையே மாற்றிவிட்டார்கள், அதே எண்ணில் புது விமானத்தில் இருந்தது ஜன்னல் இருக்கை. இரண்டு மணி நேரமும் திரையை இறக்கிவிட்டுச் சிவப்பு ஃபைலை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். வானிலைத் தளத்தில் கனமழை, அதாவது மூன்று வாரத்துக்கு முன் பெய்த கனமழை. அதை நம்பிக் காலில் ரப்பர் பூட்ஸ், கோட்டுக்கு மேல் மழைக்கோட்டு என்று இறங்கினால் தலைநகரத்தில் தார் உருகுகிற வெயில். பெட்டிப் பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் அப்பா சட்டம் என்று எடுத்துக்கொண்டதால் நீச்சல் உடை, மூன்று நாட்டுப் பிளக்குகள், வயிற்றுப்போக்கு மாத்திரை, விசில் எல்லாம் கொண்டுபோயிருந்தார். விசிலை விமான நிலையத்தில் ஊதிப் பார்க்கச் சொன்னார்களாம், ஊதிக் காட்டினாராம். விடுதியில் பத்தொன்பதாம் மாடியில் அறை கொடுத்தார்கள். 'தரைத்தளத்தில் அறை உண்டு' என்ற பக்கத்தை அப்பா எடுத்துக் காட்டியதும், துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள், இரண்டு நாளும் படுக்கை அதிர்ந்துகொண்டே இருந்ததாம்.

விசாரணை நான்காம் எண் அறையில் என்று சிவப்பு ஃபைல் சொன்னது. உண்மையில் பதினோராம் எண் அறைக்கு மாறியிருந்தது. அப்பா நான்காம் அறையில் போய், மழைக்கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட மணிகளின் சத்த அளவைப் பற்றிய விசாரணையை முக்கால் மணி நேரம் கேட்டார். நடுவில் யாரோ, "இதை ஆதரிப்பவர்கள் கை தூக்கவும்" என்று சொன்னபோது மரியாதைக்காகக் கை தூக்கியிருக்கிறார். ஆகவே எங்கள் பள்ளி மணி இனிமேல் இன்னும் சத்தமாக அடிக்கும், அதுவும் என் கணக்கில்தான். கடைசியில் தரை துடைக்க வந்த ஓர் அம்மாள்தான், "ஏணிக்காரங்க எல்லாம் அந்தக் கோடியில இருக்காங்க சார்" என்று கையைக் காட்டி அனுப்பினாராம்.

இங்கே பட்டறையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். உங்கள் துண்டில் எட்டாவதாக ஒரு தளம் இருந்ததே, விசாரணைகளை நேரடியாகக் காட்டுவது, அதை மட்டும் பிரிண்ட் எடுக்க முடியவில்லை. ஆகவே நானே ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டு, பெருமையாகப் பதினொரு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அப்பா எழுதி வைத்திருந்த பேச்சு எனக்குத் தெரியும், நான்தான் தட்டச்சு செய்தேன், அதில் சட்டமும் மரியாதையும் தவிர வேறெதுவும் இல்லை. அப்பா மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. தாளைப் பிரித்தார், ஒரு நிமிடம் பார்த்தார், மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் ஏணி செய்யறவன். முப்பது வருஷமா செய்யறேன். மூணாவது படிக்கு மேல ஏறினதில்ல. எனக்கு உயரம்னா பயம். இது என் மனைவிக்குத் தெரியும், என் அக்காவுக்குத் தெரியும், என் பொண்ணுக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும். ஒன்பதாம் பிரிவு நாலாவது உட்பிரிவுல, என்னை மேல நிக்க வெச்சு கையெழுத்துக் கேக்கறீங்க. கேட்டா கையெழுத்துதான் ஆடும், ஏணி ஆடாது. பயமே இல்லாதவன் செஞ்ச ஏணிய நீங்க நம்பலாம், நான் நம்ப மாட்டேன். பயப்படறவனுக்குத்தான் எந்தத் திருகு எப்ப லூஸாகும்னு தெரியும். ஏறப்போறவனுக்குப் பதிலா நான் கீழ நின்னு பயந்து குடுக்கறேன். அதுதாங்க என் தொழிலு."

இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி ஆனது. வெல்டிங் போடுகிற அண்ணன் ஒருவர் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார், வெல்டிங் எதுவும் நடக்காதபோதே. ஃபோர்மேன் அண்ணன், "அதான் ஒவ்வொரு ஏணியையும் பதினஞ்சு தடவ ஆட்டிப் பாப்பாரு. நம்ம வேலைமேல நம்பிக்கை இல்லன்னு நினைச்சுட்டேன்" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. முப்பது வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்ததை அப்பா நாட்டுக்கே திறந்து காட்டியது, நான் ஒரு நாள் பொழுது போகாமல் தட்டிய நான்கு வரிக்காக.

குழுவில் என்ன நடந்தது தெரியுமா? இல்லாத உட்பிரிவைப் பற்றி ஒருவர் பேசினால், 'அப்படி ஒன்று இல்லையே' என்று யாராவது சொல்வார்கள் என்றுதான் நான் கடைசிவரை காத்திருந்தேன். எல்லோரும் பக்கத்தைப் புரட்டினார்கள். பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்தார்கள், பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தார்கள், யாருமே வாயைத் திறக்கவில்லை. தலைவி மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான்காவது உட்பிரிவின் எல்லா அம்சங்களையும் குழு நன்கு அறியும்" என்றார். ஓர் உறுப்பினர், "நான் ஆரம்பத்திலிருந்தே இதை எதிர்த்து வருகிறேன்" என்றார். இன்னொருவர், "நான் ஆரம்பத்திலிருந்தே ஆதரித்து வருகிறேன்" என்றார். அப்பா நீட்டிய பன்னிரண்டாம் பக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் நான் எழுதியதைப் பற்றிப் பதினொரு நிமிடம் சண்டை போட்டார்கள். என் தமிழ்க் கட்டுரையை டீச்சர்கூட இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

அப்பா திரும்பி வந்து நான்கு நாள் ஆகிறது. மனிதர் பத்து வயது குறைந்தவர்போல் நடமாடுகிறார். ரகசியம் போனதில் ஒரு பாரமும் போய்விட்டது போலிருக்கிறது, அதுதான் எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது. மூன்றாவது உட்பிரிவு என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டார். "மூணு நிமிஷத்துல எத்தனதான் கேக்கறது? ஒண்ணு கேட்டாச்சு. மறுபடி போய் இன்னொண்ணு கேட்டா, இந்த ஆளுக்கு இதே வேலையாப் போச்சுன்னு நினைப்பாங்க. முதல்ல நாலாவதத் தூக்கட்டும்" என்கிறார். இல்லாததை அவர்கள் எப்படித் தூக்குவார்கள் அத்தை? எழுத்து மூலம் கருத்துச் சொல்ல வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை அந்தத் தளத்திலேயே வழி இருக்கிறது. நானே எழுதித் தயாராக வைத்திருக்கிறேன், அப்பாவின் கையெழுத்து மட்டும்தான் வேண்டும். ஐந்து மணி தாண்டினால் பதினான்கு மாதப் பூட்டுத்தான். ஃபோர்மேன் அண்ணன் பட்டறையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்கிறார், அவருக்கு விஷயம் தெரியாது. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன். நான்கு தடவை அப்பா முன்னால் போய் நின்றேன், நான்கு தடவையும், "என்ன வாலு, பசிக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிச் சொல்லி நான் எடை கூடியதுதான் மிச்சம். அம்மாவிடம் சொன்னேன். "நீ வெச்ச முடிச்ச நீயே அவுரு, நான் நடுவுல வரமாட்டேன்" என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே அத்தை, உங்கள் இரு கால்களையும், முடிந்தால் மாமாவின் நல்ல முழங்காலையும் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். புதன்கிழமை எப்படியாவது புறப்பட்டு வந்து, அப்பாவை உட்கார வைத்து, நான்காவது உட்பிரிவு என்று ஒன்று கிடையாது, அதைச் செய்தது இந்தக் கழுதைதான் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். உங்களைத் தவிர யார் சொன்னாலும் அவர் சிவப்பு ஃபைலைத் திறந்து காட்டுவார். தொட்டியிலிருந்து அவரை இறக்கியது நீங்கள்தான், இதிலிருந்தும் நீங்களே இறக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு அவர் என்னை என்ன செய்தாலும் சம்மதம். நான் அப்போது உங்கள் வீட்டில், மாமாவின் கட்டிலுக்கு அடியில் இருப்பேன்.

பெரியவர்கள் கடிதத்தின் முடிவில் சின்னவர்களை ஆசீர்வதிப்பார்கள். எனக்கு இப்போது கொடுக்க ஆசி இல்லை, வாங்கிக்கொள்ள மட்டும்தான் தலை இருக்கிறது, அதையும் குனிந்தே வைத்திருக்கிறேன். மாமாவுக்கு என் வணக்கத்தைக் காரணம் சொல்லாமல் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
சுருட்டிய நிலையில்,
வாலு.

பின்குறிப்பு: மேலே எழுதியது ஞாயிற்றுக்கிழமை. ஸ்டாம்ப் இல்லாததால் போடவில்லை, இன்று செவ்வாய். இன்று காலை மசோதாத் தளத்திலிருந்து தகவல் வந்தது, வெள்ளிக்கிழமைக்குக்கூடக் காத்திருக்காமல் குழு தன் அறிக்கையை வெளியிட்டுவிட்டது. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். 'சங்கப் பிரதிநிதியின் உருக்கமான சாட்சியத்தின்போது, ஒன்பதாம் பிரிவின் உட்பிரிவு நான்கு அச்சில் விடுபட்டிருப்பது குழுவின் கவனத்துக்கு வந்தது. அது இப்போது உரிய இடத்தில் சேர்க்கப்படுகிறது. தயாரிப்பாளரே ஏறி நின்று சான்றளிப்பதால் சோதனைக்கூட முத்திரை தேவையற்றதாகிறது; ஆகவே உட்பிரிவு மூன்று நீக்கப்படுகிறது. பிரதிநிதியின் கவலையை மதித்து, உச்சிப் படியில் நிற்பவர் ஒரு கையால் பற்றிக்கொள்ளலாம்.'

அதாவது பட்டறைக்குப் பூட்டு இல்லை. ஃபோர்மேன் அண்ணன் இன்னும் சத்தமாகப் பாடலாம். அப்பா மட்டும் பன்னிரண்டு படி ஏற வேண்டும். ஆய்வாளர் அடுத்த மாதம் வருகிறார்.

அப்பா பிரிண்ட் எடுக்கச் சொன்னார், எடுத்தேன், இரண்டு தடவை படித்தார். "பாத்தியா, புடிச்சுக்கலாம்னு மாத்திட்டாங்க. போனது வீண் போகல" என்றார். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டு ஆபீஸுக்கு வெளியே வந்து, பன்னிரண்டு படி ஏணியைத் தானே நிறுத்தி, பதினைந்து தடவை ஆட்டிப் பார்த்தார். பதினொரு பேரும் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டே பார்த்தார்கள். ஃபோர்மேன் அண்ணன் அடியைப் பிடிக்க வந்தார். "நீ வேண்டாம்பா, வாலு புடிக்கட்டும். அவ புடிச்சா எனக்கு தைரியம்" என்றார் அப்பா. இன்று நான்காவது படி வரை ஏறிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டுதான், ஆனாலும் நான்காவது படி. அவர் கால் நடுங்குவது ஏணி வழியாக இறங்கி என் உள்ளங்கைக்கு வந்தது.

ஆகவே முன்னால் நான் கேட்டதையெல்லாம் அடித்துவிடவும். நீங்கள் வந்து சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சொல்லும்போது ஏணியை விட்டுவிட்டு ஓட முடியாது அத்தை. பிடித்துக்கொள்ள மட்டும் வாருங்கள்.